ஓஎஸ் இல்லாத லேப்டாப்: விண்டோஸா, லினக்ஸ் மின்டா?

லேப்டாப்பை ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இல்லாமல் வாங்கினால் விலை குறையும். சரி, அப்புறம் எதைப் போடுவது?

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், உரிமத்துக்குத் தனிக் காசு. லினக்ஸ் மின்ட் இலவசம், 2 ஜிபி ராம், 20 ஜிபி இடத்திலேயே ஓடும். இரண்டையும் 8 ஜிபி பென் டிரைவிலிருந்து ஏற்றலாம்.

என்ன வேலைக்கு என்பதுதான் முக்கியம். திருவாரூரில் ரைஸ் மில் கணக்கை டேலியில் எழுதுபவரும், கும்பகோணத்தில் பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருக்களை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவரும் விண்டோஸுக்கே போகட்டும். லினக்ஸில் அவற்றை ஓட்ட முயல்வது வீண் தலைவலி. படிக்கிற பிள்ளைக்கு என்றால் நான் மின்டைத்தான் சொல்வேன். லிப்ரே ஆபிஸ் (வேர்டு, எக்செல் போன்றது), பயர்பாக்ஸ் கூடவே வரும்; பைத்தான் நிரல்மொழி பழகலாம்; தமிழ்99 விசைப்பலகையும் உண்டு (விண்டோஸிலும் உண்டு).

உரிமம் வாங்காமல் 'கிராக்' போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அதோடு வைரஸும் வரலாம். அதே கணினியில்தானே வங்கிக் கணக்கையும் திறப்போம்!

விண்டோஸ் நிறுவும்போது இணையம் கேட்கும், வைஃபை டிரைவர் (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் நிற்கவும் கூடும். தயாரிப்பாளர் தளத்திலிருந்து டிரைவரை முன்பே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மின்டை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்தால் தாராளமாக நிறுவுங்கள். வைஃபை மட்டும் மக்கர் செய்தால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் எடுத்து, மின்டில் உள்ள டிரைவர் மேலாளரில் தேடுங்கள்.