எட்டு ஆண்டுகள், ஒரே கைத்துப்பாக்கி: தற்காப்புத் தோட்டாவை மூன்று முறை மாற்றிய கதை

உரிமத்துடன் 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றை எட்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். குழல் மூன்றரை அங்குலத்துக்கும் குறைவான சிறிய ரகம். சுடுதளத்து அட்டை இலக்கைத் தவிர வேறெதையும் நோக்கி அதைச் சுட்டதில்லை. கடைசிவரை அப்படியே இருந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் அதில் நிரப்பி வைக்கும் தோட்டாவை மூன்று முறை மாற்றினேன். இரண்டு மாற்றங்களுக்கு என் அறியாமை காரணம். புதிதாக வாங்குபவர்கள் அதே வழியில் சுற்ற வேண்டியதில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் பயிற்சித் தோட்டாவையே வைத்திருந்தேன். ஈயக் குண்டை முழுவதும் செப்புக் கவசம் மூடியிருக்கும் வகை அது. விலை குறைவு, பெரும்பாலான துப்பாக்கிகளில் சிக்காமல் ஓடும். குறை என்னவென்றால், அது விரியாது. மனித உடலுக்கு ஈடாகப் பயன்படுத்தும் ஜெலட்டின் கட்டியில் இந்த வகை 9 மி.மீ. குண்டு இரண்டடிக்கும் மேல் ஊடுருவும். அதாவது, எதிரே இருப்பவரைத் துளைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இருப்பவரையும் தாக்கக்கூடும். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் இது சின்ன விஷயமா?

அதனால் நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் வகைக்கு வந்தேன். உடலின் ஈரத் திசுவில் நுழைந்ததும் அந்தக் குழியில் அழுத்தம் ஏறி, குண்டின் நுனி பூவிதழ்போல விரிகிறது. விரிந்தால் வேகம் சீக்கிரம் குறையும், வெளியே போகும் வாய்ப்பும் குறையும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது சுவரை நிறுத்திவிடாது. ஜிப்சம் பலகைச் சுவரில் பட்டால் குழியில் பொடி அடைத்துக்கொண்டு, விரியாமலே மறுபக்கம் போய்விடக்கூடும். எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதை வீட்டுக்குள் நடந்து பார்த்து முன்கூட்டியே முடிவு செய்யாதவருக்கு எந்தத் தோட்டாவும் காப்பு இல்லை.

வாங்குமுன் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899-ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்தது. அந்தத் தடை உள்நாட்டுக் காவல்துறைக்கோ குடிமக்களுக்கோ பொருந்தாது. ஆனால் சில இடங்களில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு.

நான் முதலில் வாங்கிய ஹாலோ பாயின்ட், 115 கிரெய்ன் எடையில் கூடுதல் அழுத்தம் கொண்ட வகை. கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு. 115 கிரெய்ன் ஏறக்குறைய 7.5 கிராம். பெட்டியில் அச்சிட்டிருந்த வேக எண்ணைப் பார்த்து மயங்கினேன். அந்த எண் பெரும்பாலும் நீளமான குழலில் அளந்தது என்பது அப்போது உறைக்கவில்லை. குழல் குட்டையானால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சில குண்டுகள் விரிவதே இல்லை. சுடுதளத்தில் இரண்டாவது மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) நான்காவது தோட்டா, சேம்பருக்கு (சுடுமுன் தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) ஏறும் சரிவில் மூக்கு முட்டி நின்றது. துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பாதியில் தொங்க, குழியின் விளிம்பு நசுங்கிய அந்தத் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அன்று மட்டும் இப்படி மூன்று முறை. உதைப்பும் அதிகம், அடுத்த குண்டுக்குக் குறியை மீட்டுக் கொண்டுவர வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. மீதிப் பெட்டிகளைப் பயிற்சியிலேயே தீர்த்தேன்.

ஊடுருவல் ஏன் முக்கியம் என்று அதன் பிறகுதான் படித்தேன். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்கும் இரண்டு கொள்ளையருக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. ஒரு கொள்ளையரின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 மி.மீ. குண்டு, இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. அவர் தொடர்ந்து சுட்டார். இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அதன் விளைவாக உருவான சோதனை முறைதான் இன்று பலரும் அளவுகோலாகக் கொள்வது: ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம். வெறும் ஜெலட்டினில் மட்டுமல்ல, தடித்த துணியைப் போர்த்தியும் சுடுவார்கள். துணி குழியை அடைத்தும் குண்டு விரிகிறதா என்பதுதான் கேள்வி. நான் இப்போது பெட்டியில் உள்ள வேகத்தைப் பார்ப்பதில்லை. குட்டைக் குழலில், துணி போர்த்திய சோதனையில் என்ன ஆனது என்று மட்டும் தேடுகிறேன்.

இரண்டாவது முயற்சி 147 கிரெய்ன். கனமான, மெதுவான குண்டு. ஒலியின் வேகத்துக்குக் கீழேதான் போகும், உதைப்பு தள்ளுவதுபோல மென்மையாக இருக்கும். நல்ல தோட்டா, ஒருமுறைகூடச் சிக்கவில்லை. ஆனால் என் பயிற்சியெல்லாம் இலேசான குண்டில். இது குறிக்குச் சற்று மேலே பட்டது. பயிற்சிக்கும் அதே எடையை வாங்கலாம் என்றால் தொடர்ந்து கிடைக்கவில்லை.

கடைசியாக நின்றது 124 கிரெய்ன், சாதாரண அழுத்தம். ஸ்பியர் கோல்டு டாட், ஃபெடரல் எச்.எஸ்.டி. இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டுமே மனநிறைவு தந்தன. எச்.எஸ்.டி. எளிதாகக் கிடைத்ததால் ஐந்து ஆண்டுகளாக அதுவே. பயிற்சிக்கும் 124 கிரெய்ன் கவசக் குண்டு வாங்குகிறேன், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் படுகின்றன. முடிவு செய்யுமுன் இருநூறு தோட்டா சுட்டேன், என்னிடம் உள்ள எல்லா மேகசின்களிலும், ஒற்றைக் கையாலும் பலவீனமான கையாலும். தற்காப்புத் தோட்டாவின் விலையில் இது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் நான் இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். அடுத்தவர் துப்பாக்கியில் ஓடியது உங்கள் துப்பாக்கியில் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

தேர்வைவிடப் பழக்கத்தில்தான் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது. தினமும் இரவு துப்பாக்கியைக் காலி செய்து பூட்டுவேன், காலையில் அதே தோட்டாவை மறுபடி சேம்பரில் ஏற்றுவேன். சில மாதம் கழித்து மேசையில் புதிய தோட்டாவுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தியபோது குட்டையாகத் தெரிந்தது. கேலிப்பரில் அளந்தேன்: குண்டு கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், வெடிமருந்து இருக்கும் உலோக உறைக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறை சரிவில் மோதும்போதும் துளித்துளியாக உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால் வெடிமருந்து எரியும்போது அழுத்தம் அபாயகரமாக உயரும், துப்பாக்கியே உடையலாம். கை நடுங்கிவிட்டது. அந்தத் தோட்டாவைச் சுடவில்லை, சுடுதளத்தில் அப்புறப்படுத்தக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒரே தோட்டாவை இரண்டு முறைக்கு மேல் ஏற்றுவதில்லை, ஏற்றியதில் பேனாவால் கோடு போடுகிறேன்.

எண்ணெய் விஷயத்திலும் கவனம் தேவை. சேம்பரில் எண்ணெய் வழிய விட்டால் அது வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் ஊறி, சுடும்போது வெடிக்காமல் போகலாம். துடைத்து உலர்த்திய பிறகே நிரப்புகிறேன். நிக்கல் பூசிய உறை வியர்வையைத் தாங்குவதோடு, சேம்பரைத் திறந்து சரிபார்க்கும்போது அரை வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிகிறது. இந்தச் சின்ன வசதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை, வைத்திருந்த தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை நிரப்புகிறேன். சென்ற மாதம் பழைய மேகசினை எடுத்துப் போனேன். ஓராண்டு முழுக்க இடுப்புச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த பத்துத் தோட்டாக்களும் தடங்கலின்றி வெடித்தன. ஏழு மீட்டரில் பத்துத் துளையும் என் உள்ளங்கைக்குள் அடங்கின. அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதிய பெட்டியின் ஒட்டைப் பிரித்தேன்.