ஒரே படம், இரண்டு டிஸ்க்: ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ ப்ளூ-ரே

பழைய எம்.ஜி.எம். மியூசிக்கல் ஒன்று இரண்டு டிஸ்க்காக வந்தால், இரண்டாவதில் பெரும்பாலும் பேட்டியும் டிரெய்லரும்தான் கிடக்கும். பழைய படங்களை வெளியிடும் வார்னர் ஆர்கைவ் 2018-ல் கொண்டுவந்த இந்தப் பதிப்பில் இரண்டாவதிலும் முழுப்படம்தான். அதே கதை, அதே நடிகர்கள், அதே செட். லென்ஸும் டேக்கும் மட்டும் வேறு.

எல்லாம் 1954-ன் தியேட்டர் நிலவரத்தால் வந்தது. சினிமாஸ்கோப் அப்போது புதுசு. எல்லா ஊர்த் தியேட்டரும் அகலத் திரை போடுமா என்று ஸ்டுடியோவுக்குச் சந்தேகம். அதனால் இயக்குநர் ஸ்டான்லி டோனன் சினிமாஸ்கோப்புக்கு ஒருமுறை, சாதாரண லென்ஸுக்கு ஒருமுறை என்று படத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. படம் வெளியாவதற்குள் தியேட்டர்கள் சினிமாஸ்கோப்புக்கு மாறத் தொடங்கிவிட்டன. சாதாரணப் பதிப்பு ஏறத்தாழ பெட்டியிலேயே தூங்கிப்போனது. இங்கே இரண்டாவது டிஸ்க்கில் இருப்பது அதுதான்.

இரண்டில் எதைப் பார்ப்பது? கொட்டகை கட்டும் நடனத்தை இரண்டு டிஸ்க்கிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். மைக்கேல் கிட் அமைத்த நடனம் அது. கதையின் ஏழு சகோதரர்கள் ஒருபக்கம், ஊர் இளைஞர்கள் எதிர்ப்பக்கம், நடுவில் பெண்கள். பலகைமேல் ஏறி ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கிறார்கள். சினிமாஸ்கோப்பின் 2.55:1 சட்டகத்தில் (அகலம் உயரத்தைப்போல் 2.55 மடங்கு) ஒருவன் தாவும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் தலை முதல் கால் வரை தெரிகிறது. சாதாரணப் பதிப்பில் அதே கூட்டம் நெருக்கியடிக்கிறது. சகோதரர்களில் ஒருவராக வரும் ஜெஃப் ரிச்சர்ட்ஸ் நடனக்காரர் அல்ல, பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர். அதனால் அவரைப் பின்னால் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அகலச் சட்டகத்தில் அந்தச் சாமர்த்தியமும் கண்ணில் படும்.

வசனக் காட்சிகளில் கதை தலைகீழ். ஆரம்பகால சினிமாஸ்கோப் லென்ஸ், நடிகர் கேமராவுக்கு அருகில் வந்தால் படத்தைப் போதிய அளவு சுருக்காது. திரையில் விரித்துக் காட்டும்போது கன்னம் வீங்கினாற்போல் தெரியும். அக்காலத்திலேயே இதை ‘பொன்னுக்கு வீங்கி’ என்று கிண்டல் செய்தார்கள். முகம் அகலமாகத் தெரிந்தால் டிஸ்க்கையோ டிவியையோ திட்ட வேண்டாம். நாயகி ஜேன் பவலின் முகத்தை இயல்பாகப் பார்க்க இரண்டாவது டிஸ்க்தான் சரி.

நிறம் பற்றி ஒரு எச்சரிக்கை. இது டெக்னிகலர் படம் அல்ல. டெக்னிகலர் கேமரா மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் நிறத்தைப் பிரித்துப் பதிந்ததால், அவற்றில் வெளுத்துப்போகச் சாயமே கிடையாது. இந்தப் படம் ஆன்ஸ்கோ கலர்: ஒரே நெகட்டிவில் மூன்று சாய அடுக்கு, வயதாக ஆகச் சாயம் மங்கும். அந்த நிலையிலிருந்து பார்த்தால் டிஸ்க்குக்கான 2018 மாஸ்டர் பிரதி நன்றாகவே வந்திருக்கிறது. சகோதரர்களின் சட்டை நிறங்கள் தனித்தனியாகத் தெரிகின்றன. காட்சி கரைந்து மாறும் இடங்களில் மட்டும் சில வினாடிகள் படம் சொரசொரப்பாகி மங்கும். அந்த டிசால்வ்கள் லேபில் நகல் எடுத்துச் செய்தவை என்பதால் அது டிஸ்க்கின் குறை அல்ல. எச்.டி. காட்டிக்கொடுக்கும் இன்னொன்று, பின்னணி மலைகள். வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் பணம் ஒதுக்காததால் ஸ்டுடியோவில் வரைந்த படுதாக்கள் அவை.

டிவி செட்டிங்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 55 அங்குல டிவியில் சினிமாஸ்கோப் படம் 122 செ.மீ. அகலத்துக்கு 48 செ.மீ. உயரம்தான் வரும், 1,080 வரிகளில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 753. மேலும் கீழும் கறுப்புப் பட்டை பெரிதாகத்தான் இருக்கும். ஜூம் போட்டு அதை நிரப்பினால் ஓரத்தில் ஆடுபவர்கள் காணாமல் போவார்கள். (பழைய 4:3 டிவிக்கு இந்தச் சட்டகத்தை வெட்டினால் மிஞ்சுவது பாதிதான்.) அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் நடனம் சீரியல் ஷூட்டிங் போலத் தெரியும். புரொஜெக்டரில் 2.39 திரை வைத்திருப்பவர்கள் அகலத்தைத் திரைக்குப் பொருத்தி, மேலும் கீழும் சிறு இடைவெளி விடுங்கள்.

முதல் டிஸ்க்கின் 5.1 டி.டி.எஸ். டிராக்குக்கு மூலம் நான்கு தட காந்த ஒலி, அதாவது பிரிண்டின் ஓரத்தில் காந்தப் பூச்சில் பதிந்த ஒலி. அந்தத் தடங்களுக்கு பிரிண்டில் இடம் விட்டதால்தான் சட்டகம் 2.55; ஒலியை ஒளிக்கோடாகப் பதியும் ஆப்டிகல் தடம் வந்த பிறகு அது 2.35 ஆகச் சுருங்கியது. நடிகர் இடது ஓரம் நின்று பேசினால் குரலும் இடப்பக்கமிருந்து வரும். சவுண்ட்பாரில் ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ போட்டால் இந்த நயம் கெட்டுவிடும். வெறும் இரண்டு ஸ்பீக்கர் என்றால் பிளேயரில் எல்லாச் சேனல்களையும் இரண்டாகக் கலக்கும் ஸ்டீரியோ டவுன்மிக்ஸைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நடுச் சேனலில் வரும் வசனம் அமுங்கிப்போகலாம்.

பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்யும் கதையை இன்று ரசிக்க முடியாது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் பனியில் விறகு வெட்டியபடியே சகோதரர்கள் ஏங்கிப் பாடும் ‘லோன்சம் போல்கேட்’ காட்சியைக் கிட்டத்தட்ட ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார்கள். கோடரி விழும் தாளம் பாட்டோடு பிசகாமல் போகிறது. அதற்காகவே டிஸ்க்கை மீண்டும் மீண்டும் போடலாம்.

வாங்கும்போது அட்டையில் ப்ளூ-ரே என்று இருக்கிறதா, உள்ளே இரண்டு டிஸ்க்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; 2004-ல் வந்த டி.வி.டி.யும் இரண்டு டிஸ்க்தான், பழைய கடைகளில் குழப்பம் வரும்.