குளோனா, இமேஜா, புதிதாகப் போடுவதா? விண்டோஸை புதிய எஸ்.எஸ்.டி.க்கு மாற்றும் மூன்று வழிகள்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எஸ்.எஸ்.டி. வாங்கிவிட்டு அங்கேயே பொருத்தித் தரச் சொன்னால், "குளோன் பண்ணவா, புதுசா விண்டோஸ் போடவா?" என்று கேட்பார்கள். குளோன் என்றால் பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதில் பிரதியெடுப்பது. மூன்றாவது வழியான இமேஜில், அந்தப் பிரதியை முதலில் வேறொரு டிஸ்க்கில் பைலாகச் சேமித்து, பிறகு புதியதில் இறக்குவார்கள். பெரும்பாலானோர் எது சீக்கிரம் முடியும் என்று பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அதற்கு முன் பார்க்கவேண்டியவை இரண்டு: பழைய டிஸ்க் என்ன நிலையில் இருக்கிறது, மறுபடி இன்ஸ்டோல் பண்ணவே முடியாதது எதுவும் அதில் இருக்கிறதா.

டிஸ்க்கின் நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இலவசமாகவே காட்டும். பழுதான செக்டர்களை (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகளை) எண்ணிக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். இந்த மூன்றிலும் கடைசி நிரல் முழுவதும் பூச்சியமாக இருந்தால் எந்த வழியையும் தேர்ந்தெடுக்கலாம். சி5இல் எண் ஏதும் இருந்தால், வாசிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் இருக்கின்றன என்று அர்த்தம். சாதாரண குளோன் மென்பொருள் அந்த இடத்தில் திரும்பத் திரும்ப முயன்று மணிக்கணக்கில் நிற்கும். சாகப்போகும் டிஸ்க்கை அது இன்னும் வேகமாகச் சாகடிக்கும். அப்படியான டிஸ்க்கில் முதலில் ஆவணங்களையும் படங்களையும் வெளியே எடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டுமென்றால் லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணி டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருளை ஓடவிடலாம். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வாசித்தது என்று குறித்துவைக்கும் மெப் பைல் ஒன்றைக் கொடுத்திருந்தால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அப்படி மீட்ட விண்டோஸில் எந்தப் பைல் அரைகுறையாக வந்தது என்று சொல்லமுடியாது. தரவை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே அங்கே சரி.

குளோன்

ஆரோக்கியமான டிஸ்க்குக்கு என் முதல் தெரிவு இதுதான். மென்பொருள்கள், பிரிண்டர்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அப்படியே வந்துவிடும்.

எந்த மென்பொருள் என்பது புதிய டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது. இங்கே அதிகம் நடப்பது 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.க்கு மாறுவது. குளோன்ஸில்லா இலவசம், நம்பகமானது. ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் வழமையான முறையில் மறுத்துவிடும். அதற்காகப் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை (சி, டி என்று பிரித்த பகுதியை) சுருக்கப் போகாதீர்கள். குளோன் பாதியில் கரண்ட் போனாலும் பழைய டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி தொடங்கினால் போதும். சுருக்கும்போது போனால் மூலமே போய்விடும். பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்திய ஊர் இது. டெஸ்க்டொப் என்றால் யூ.பி.எஸ். இல்லாமல் பார்ட்டிஷன் வேலையில் கைவைக்க வேண்டாம்.

சிறிய டிஸ்க்குக்கு, எழுதும்போதே பார்ட்டிஷனைச் சுருக்கும் மென்பொருள்தான் வேண்டும். சம்சுங் எஸ்.எஸ்.டி. என்றால் சம்சுங் மெஜிஷியன் (வேறு பிராண்டுக்கு எழுதாது). குரூஷியல், டபிள்யூ.டி. வாங்கியவர்களுக்கு எக்ரோனிஸின் இலவசப் பதிப்பு கிடைக்கும். மெக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. பரீட்சார்த்தப் பதிப்பை எடுப்பதானால் அதில் குளோன் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டி டிரைவில் படங்களும் பாட்டுகளும்தான் என்றால் அதை விட்டுவிட்டு, சி டிரைவையும் அதோடு சேர்ந்த சின்னஞ்சிறு பார்ட்டிஷன்களையும் மட்டும் குளோன் பண்ணுங்கள். பூட் பைல்கள் இருக்கும், 100 எம்.பி. அளவிலுள்ள இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை விட்டால் பூட் ஆகாது.

தொடங்குமுன் பிட்லொக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) ஓனா என்று பாருங்கள். ஓன் என்றால் முழுவதுமாக ஓஃப் பண்ணி, டீகிரிப்ட் முடியும்வரை பொறுங்கள். எதற்கும் 48 இலக்க ரிகவரி கீயை வேறிடத்தில் எழுதிவைப்பது நல்லது. ஹைபர்னேட்டையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஓஃப் பண்ணி, டிஸ்க் பிழைகளைத் தேடும் செக்டிஸ்க் ஒரு தடவை ஓட்டுங்கள். இவற்றைச் செய்யாவிட்டால் குளோன்ஸில்லா சி டிரைவை வாசிக்க மறுப்பதுண்டு.

லெப்டொப்பில் புதிய டிஸ்க்கை யூ.எஸ்.பி. என்குளோஷரில் (டிஸ்க்கை வைத்து வெளியிலிருந்து இணைக்கும் பெட்டியில்) தான் இணைப்போம். 120 ஜி.பி. தரவு யூ.எஸ்.பி. 2 போர்ட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், யூ.எஸ்.பி. 3 என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் வேகம்தான் தடை, அரை மணித்தியாலத்தை ஒட்டி முடியும். எம்.2 என்ற மெல்லிய தகடு வடிவ எஸ்.எஸ்.டி. எல்லாம் ஒன்றல்ல, வேகமான என்.வி.எம்.இ. வகையும் பழைய சாட்டா வகையும் உண்டு: என்.வி.எம்.இ. என்குளோஷரில் சாட்டா எம்.2 போட்டால், இரண்டையும் ஏற்கும் வகையல்லாவிட்டால் தெரியவே தெரியாது. சில என்குளோஷர்களும் டொக்குகளும் 512 பைட் செக்டரை 4096 ஆகக் காட்டும். அதற்குள் வைத்து எழுதிய டிஸ்க், உள்ளே பொருத்தியதும் பூட் ஆகாது. டெஸ்க்டொப்பில் நேரடியாக போர்டில் குத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

குளோன் முடிந்ததும் மெஷினை ஓஃப் பண்ணி, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து ஓன் பண்ணுங்கள். இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்ந்திருந்தால் விண்டோஸ் குழம்பும்.

சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குப் போனவர்களுக்கு முதல் பூட்டிலேயே நீலத் திரை வரலாம். அந்த விண்டோஸ் ஒருபோதும் என்.வி.எம்.இ.யிலிருந்து பூட் ஆனதில்லை; அதனால் அதன் டிரைவர் ஆரம்பத்திலேயே ஏறுவதில்லை. குளோனுக்கு முன் எம்.எஸ்.கொன்ஃபிக்கில் சேஃப் மோடைத் தெரிவுசெய்துவிட்டால், புதிய டிஸ்க் முதலில் சேஃப் மோடில் எழும்பி டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தத் தெரிவை எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் பின் (PIN) இலக்கம் ஏற்காமல் போகலாம், பாஸ்வேர்ட் ஞாபகத்தில் இருக்கட்டும். நீலத் திரை கூட வராமல் பூட் டிஸ்க் இல்லை என்று மட்டும் சொன்னால், இன்ஸ்டோல் பென் டிரைவின் கமாண்ட் ப்ரொம்ப்டிலிருந்து பூட் பைல்களைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளை அனேகமாகச் சரிசெய்யும்.

பெரிய டிஸ்க்குக்கு மாறியவர்களின் முறைப்பாடு வேறு: மீதி இடம் இருந்தும் சி டிரைவை நீட்ட முடியவில்லை. ரிகவரி பார்ட்டிஷன் நடுவில் குந்திக்கொண்டிருப்பதுதான் காரணம். குளோன் பண்ணும்போதே அதைக் கடைசிக்கு இழுத்துவிட்டால் வேலை மிச்சம்.

புதிதாகப் போடுவது

விண்டோஸ் ஏற அரை மணித்தியாலம். மற்றதெல்லாம் ஏற அன்றைய நாள். டேட்டாவையும் கணக்கில் எடுங்கள்: விண்டோஸ் 11 இன்ஸ்டோல் பைல் மட்டுமே 5 ஜி.பி.க்கு மேல், அப்டேட்டும் ஒஃபிஸும் தனி. லைசென்ஸைப் பற்றிப் பயம் வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாறினால் போகாது.

உண்மையான இழப்புகள் சத்தமில்லாமல் நடக்கும். பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால், எழுத்துரு இல்லாத மெஷினில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கடிதம் கெட்டுவிட்டதென்று நினைத்து அழித்துவிடுவார்கள். போர்மட்டுக்கு முன் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபொண்ட்ஸ் போல்டரை முழுதாகக் கொப்பி பண்ணுங்கள். அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பி.எஸ்.டி. பைலும் அப்படித்தான். கடைகளின் பில்லிங், கணக்கு மென்பொருள்களில் சில மெஷினோடு பூட்டப்பட்டவை. சி டிரைவின் வொலியூம் எண்ணோடு பூட்டியது குளோனில் தப்பும், டிஸ்க்கின் தொழிற்சாலைத் தொடரிலக்கத்தோடு பூட்டியது எந்த வழியிலும் தப்பாது. விற்றவரிடம் முதலே கேளுங்கள்.

11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான இன்டெல் லெப்டொப்களில் இன்ஸ்டோலருக்கு டிஸ்க்கே தெரியாமல் போவதுண்டு. டிஸ்க் பழுதில்லை. லெப்டொப் கம்பனியின் தளத்திலிருந்து ரெப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு இந்த வழி எப்போது? பழைய டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பார்ட்டிஷன் முறையில், ஏழிலிருந்து எட்டு, பத்து என்று ஏற்றி ஏற்றி வந்ததாக இருந்தால். வைரஸ் சந்தேகம் இருந்தால். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், எப்படியும் 11க்குப் போகப்போகிறவருக்கும் இதுவே மேல்.

இமேஜ்

மூன்றாவது டிஸ்க் ஒன்று வேண்டும் என்பதால் பலர் இதை நினைப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு எம்.2 ஸ்லொட், கையில் என்குளோஷரும் இல்லை என்றால் இதுதான் வழி. ரெஸ்கியூஸில்லா என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் பண்ணி, வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இமேஜ் எடுத்து, எஸ்.எஸ்.டி.யை மாற்றி, அதே பென் டிரைவிலிருந்து திரும்ப இறக்குங்கள். நேரம் இரட்டிப்பு, பெக்அப் இலவசம். சிறிய டிஸ்க்குக்கு இறக்க முடியாது என்பது குளோன்ஸில்லாவைப் போல இதற்கும் பொருந்தும்.

எந்த வழியில் போனாலும் பழைய டிஸ்க்கை இரண்டு கிழமையாவது போர்மட் பண்ணாமல் வையுங்கள். குளோனுக்குப் பிறகு அதை யூ.எஸ்.பி.யில் இணைத்தால் டிஸ்க் மெனேஜ்மென்டில் 'ஓஃப்லைன்' என்று காட்டலாம். 'ஓன்லைன்' கொடுத்தால் விண்டோஸ் அதன் அடையாள எண்ணை மாற்றிவிடும். அதன் பிறகு அந்த டிஸ்க்கைத் திரும்ப உள்ளே போட்டாலும் பூட் ஆகாமல் போகலாம். பைல் எடுக்க வேண்டுமானால் வேறொரு மெஷினில் இணைத்து எடுங்கள்.