சால்மனுக்கு வார்த்த ஜிக், கொழும்புப் பாரைக்கு: மூன்று பருவ அனுபவம்

வான்கூவரில் வசிக்கும் என் மைத்துனர், 2022 டிசம்பரில் கொழும்புக்கு வந்தபோது, அங்கே சால்மனுக்கும் ஹாலிபட்டுக்கும் பயன்படுத்தும் உலோக ஜிக்குகள் (நீரில் மேலும் கீழும் அசைத்து மீனைக் கவரும், தூண்டில் முள் பூட்டிய செயற்கை இரைகள்) ஆறினைக் கொண்டுவந்து தந்தார். அவற்றுள் நான்கு, நெத்தலியைப் போல் ஒடுங்கிய 80 கிராம் ஜிக்குகள். மற்ற இரண்டும் 400 கிராம் எடையுள்ளவை. முகத்துவாரத்திலிருந்து பைபர் படகில் சென்று, 30 முதல் 50 மீற்றர் ஆழமுள்ள பார்களின் (கடலடிப் பாறைத்திட்டுகளின்) மேல் அவற்றை மூன்று பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

கனமான இரண்டையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹாலிபட் கடலடியில் படுத்திருக்கும் தட்டை மீன். 200 கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. வலிய நீரோட்டத்திலும் அடியைத் தொட்டு நிற்பதற்கே அவ்வளவு எடை தேவைப்படுகிறது. இங்கே பாரை மீனும் அறுக்குளா மீனும் நடுநீரிலும் இரையைத் துரத்துவதால், கல்லைப்போல் விழும் ஜிக் அவற்றைக் கவரவில்லை. கையும் விரைவில் சோர்ந்துவிடுகிறது.

ஒடுங்கிய ஜிக்குகளோ என் எதிர்பார்ப்பை மிஞ்சின. தூண்டில் தடியை உயர்த்தி நூலைச் சற்றே தளர விட்டால், காயம்பட்ட சூடை மீன் புரண்டு இறங்குவதுபோல் அவை மினுங்கிக்கொண்டு விழுகின்றன. எனக்குக் கிடைத்த பாரைகளில் பெரும்பாலானவை இவ்வாறு இறங்கும் வேளையிலேயே கவ்வின என்பதால், நூல் திடீரெனத் தொய்வதைக் கவனிக்கப் பழகுவது மிக அவசியம்.

குறை முழுவதும் முள்ளிலும், அதை ஜிக்குடன் இணைக்கும் வளையத்திலும் இருந்தது. சால்மன் பிடிப்பதற்கு, வான்கூவர் அமைந்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்பரப்பில் கொக்கியில்லாத (மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முனை இல்லாத) முள்ளே சட்டப்படி அனுமதிக்கப்படுவதால், இந்த ஜிக்குகளின் வாலிலும் அத்தகைய முள்ளே இருந்தது. சிறு மீனைக் காயமின்றி விடுவிக்க அது மிக நல்லது. ஆனால் முதற்பருவத்தில் ஒரு பெரிய பாரை வளையத்தையே விரித்துக்கொண்டு போய்விட்டது. அதன் பின்னர் தடித்த ஒற்றை முள்ளொன்றைப் பின்னல் கயிற்றால் ஜிக்கின் தலைப்பக்கம் கட்டினேன். பாரில் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. அறுக்குளா மட்டும் வாலைக் கடித்து வெட்டும் மீன் என்பதால், அதற்கென வாலிலும் ஒரு முள்ளும், முன்னே ஒரு சாண் மெல்லிய உருக்குக் கம்பியும் வைக்கிறேன்.

வண்ணப்பூச்சு முதற்பருவத்திலேயே உரிந்தது. மீன்கள் அதைப் பொருட்படுத்தவில்லையாயினும், உள்ளே இருப்பது ஈயம் ஆதலால், உரிந்த இடங்களில் நகப்பூச்சை இரு முறை பூசுகிறேன். படகில் சோற்றுப்பொதியைப் பிரிக்குமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவத் தவறுவதில்லை. கடல் கொந்தளிக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், நன்னீரில் அலசி உலர்த்தி, முட்களில் தேங்காயெண்ணெய் தடவி வைப்பதால் துரு அண்டவில்லை.

ஒடுங்கிய ஜிக்குகளில் ஒன்றைப் பார் விழுங்கியது, மூன்று மீதமுள்ளன. அடுத்த முறை வரும்போது 60 முதல் 100 கிராம் வரையான ஜிக்குகளை, முள்ளும் வளையமும் இல்லாமல், வெறும் உடலாக மட்டும் வாங்கிவரும்படி மைத்துனருக்கு எழுதியிருக்கிறேன்.