"புல் வொர்க் முடிச்ச மினி டிராக்டர்"னு சொல்லி விக்கிறாங்கன்னா சித்த நின்னு படிச்சுட்டுப் போங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், பொள்ளாச்சி பக்கம் யாராச்சும் செகண்ட்ஸ்ல மினி டிராக்டர் தேடிட்டு இருந்தீங்கன்னா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இத ஒருக்கா படிச்சுருங்க. புல் வொர்க்குன்னா வண்டியப் பூரா பிரிச்சு, தேஞ்சத மாத்தி சரி பண்ணிட்டோம்னு அர்த்தம். எங்களுக்கு வித்தவன் பேரு போடலீங்க, கன்ஸ்யூமர் கமிஷன்ல கேஸ் கெடக்குது, வக்கீல் வேண்டாம்னுட்டார். பேரு தெரிஞ்சும் பெருசா பிரயோஜனம் இல்ல, இதே வேலையப் பண்றவன் அவன் ஒருத்தன் மட்டும் இல்ல. எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான் முக்கியம்.

எங்களுது பாலக்காடு ஜில்லா வடகரப்பதி பஞ்சாயத்து, தென்னந்தோப்பு, ஊடால கொஞ்சம் தீவனச் சோளம். மரத்துக்கு மரம் 25 அடி விட்டிருந்தாலும் பெரிய டிராக்டர் உள்ள போனா மட்டைல இடிக்கும், வேர அறுக்கும், அதனால 24 ஹெச்பி, மூணு சிலிண்டர், 4 வீல் டிரைவ் வண்டி ஒண்ணு பாத்தோம். புதுசு எடுக்கலாம்னா தேங்கா வெல ஏறி எறங்கற லட்சணத்துக்கு லோன் கட்டி மாளாது. "சிங்கிள் ஓனர், தோப்புல மட்டும் ஓடுன வண்டி, இன்ஜின் புல் வொர்க் முடிச்சாச்சு, எடுத்ததும் ரொட்டவேட்டர் (மண்ணப் பொடி பண்ற கருவி) மாட்டி ஓட்டுங்க"ன்னு சொல்லி 2 லட்சத்து 85 ஆயிரத்துக்கு முடிச்சுக் குடுத்தாங்க. சும்மா போகலீங்க, எங்க மச்சான் திருப்பூர்ல டீசல் மெக்கானிக், அவனையும் கூட்டிட்டுத்தான் போனோம். அவனும் பாக்க வேண்டியத எல்லாம் பாத்தான். ஒரு மெக்கானிக் வந்தா என்னென்ன பாப்பான்னு வித்தவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது, அதுதான் சங்கதியே.

நாங்க போறப்ப வண்டி கழுவி ஈரமா நின்னுச்சு. மச்சான் பானட்ல கை வெச்சுட்டு "ஏனுங்க இன்ஜின் சூடா இருக்குது"ன்னான். "இப்பத்தான் தம்பி, கழுவறக்கு நகத்துனோம்"னாங்க. சூடா இருக்கற டீசல் இன்ஜின் கம்ப்ரஷன் (உள்ள காத்த அமுக்கற பலம்) கொறஞ்சிருந்தாலும் அரைச் சுத்துல பிடிச்சுக்கும்ங்க, ஆறிப் பச்சையா இருக்கறப்பத்தான் வண்டவாளம் தெரியும். சரின்னு ஆயில் ஊத்தற மூடியத் தொறந்து புகை தள்ளுதான்னு பாத்தான், லேசாத்தான் வந்துச்சு. ஏன்னா உள்ள ஊத்தி வெச்சிருந்தது நல்ல கெட்டி ஆயில், அதோட என்னமோ பசை மாதிரி அடிட்டிவ் வேற கலந்திருந்துச்சு, அது பிஸ்டன் ரிங் தேஞ்ச இன்ஜின்லயும் புகைய கொஞ்ச நாளைக்கு அமுக்கி வெக்கும். டிப்ஸ்டிக்க எடுத்தா தேன் கலர்ல புது ஆயில். புது ஆயிலப் பாத்தா மனசு குளுந்துருது, ஆனா பழைய ஆயில் இருந்தாத்தான இன்ஜின் என்ன பாடுபட்டுச்சுன்னு தெரியும், அத எறக்கிட்டாங்கன்னா சாட்சியக் கலைச்ச மாதிரி.

ஊட்டுக்கு வந்து மறுநா காலைல சாவி போட்டா இருமுது, வெள்ளப் புகையா தள்ளுது, பிடிக்கவே மாட்டேங்குது. ஆறுன இன்ஜின சூடு பண்ணி ஸ்டார்ட் ஆக வெக்கற மூணு ஹீட்டர் பிளக்குல ஒண்ணுக்குக்கூட கரண்ட் போகல, ஒயர வெட்டி டேப் சுத்தி உள்ளுக்குத் தள்ளி வெச்சிருந்தாங்க. ராத்திரி பூரா வண்டி நின்னதால மச்சான் ஸ்டார்ட் பண்றத விட்டுட்டு இன்ஜின் ஆயில் எறக்கற டிரெயின் போல்ட்ட மெதுவா லூஸ் பண்ணுனான். இத நீங்களும் செய்யலாம், ஆயில விட தண்ணி எடை எச்சு, நின்ன வண்டில அது அடில போயி உக்காந்துக்கும், போல்ட்ட லூஸ் பண்ணுனதும் மொத வர்றது தண்ணியா ஆயிலான்னு பாத்தா போதும். எங்களுக்கு வந்தது தண்ணி. இன்ஜின் மேல இருக்கற ஹெட்ட எறக்குனா ரெண்டாவது மூணாவது சிலிண்டருக்கு நடுவுல, தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்கற கேஸ்கட் கருகிக் கெடக்குது, ஹெட்டு வளைஞ்சிருக்குது. காரணம் ரேடியேட்டர். போர் தண்ணியவே வருசக்கணக்கா ஊத்தி ஓட்டியிருக்காங்க, நம்ம பக்கம் போர் தண்ணி எப்படின்னு தெரியும், டிரம்முல வெச்சா வெள்ளையா படியும், அது பிளாக்குக்குள்ள படிஞ்சு தண்ணி போற வழிய அடைச்சிருந்துச்சு. அது போதாதுன்னு ரேடியேட்டர்ல மஞ்சத்தூள். வழில ஒழுகுனா அவசரத்துக்கு மஞ்சத்தூள் போட்டு ஊடு வந்து சேர்றது நம்மூர்ல எல்லாரும் பண்றதுதான், தப்பில்ல. இவங்க அத வெச்சே வண்டிய வித்துட்டாங்க. இதுக்குப் பேருதான் "இன்ஜின் புல் வொர்க்".

இதெல்லாம்கூட தாங்கிக்கலாம்ங்க, இன்ஜின்ங்கறது எந்த ஊர்லயும் யாராச்சும் செஞ்சு குடுத்துருவாங்க. ஹெட் பேசிங் பொள்ளாச்சில, நாசில் டெஸ்ட்டிங்கும் பம்ப் கேலிபரேஷனும் அங்கியே, ரிங் செட்டு, பேரிங், கேஸ்கட் எல்லாம் சுலுவா கெடச்சுருச்சு. எங்கள நெசமா கவுத்தது முன் சக்கரத்துக்கு ஓட்டம் குடுக்கற முன் ஆக்ஸில்.

முன்னாடி வீல் ஹப்புல (சக்கரத்தோட நடுப்பகுதி) ஆயில் கசிவே இல்ல, சுத்தமா இருந்துச்சு, பாத்துட்டு மச்சானே "சீல் நல்லா இருக்குது"ன்னான். ஊட்டுல வந்து ஆக்ஸிலோட ஆயில் பிளக்கக் கழட்டுனா ஆயில் வர்ல. கம்பி விட்டுப் பாத்தா கிரீஸ். ஆக்ஸில் கேஸ் பூராவும் கிரீஸ அமுக்கி ரொப்பியிருக்காங்க. சீல் போன ஆக்ஸில்ல கியர் ஆயில் ஊத்துனா ஒரு பொழுதுல ஒழுகிரும், வாங்க வர்றவன் பாத்துருவான், கிரீஸ்னா ஒழுகாது, பல்லு தேஞ்ச சத்தமும் கேக்காது. ஆனா கிரீஸ் கியர் பல்லு கிட்ட நிக்காது, மொத சுத்துல ஒதுங்குனா ஒதுங்குனதுதான், மறுபடி வந்து சேராது, பல்லு காஞ்சே ஓடும். அத வழிச்சு எடுத்தா சாம்பக் கலர்ல, உள்ள மணலும் இரும்புத் தூளும். எடது பக்கம் பெவல் கியர்ல (ஓட்டத்த மொடக்கித் திருப்பற சாய்வுப் பல்லு கியர்) பல்லு கத்தி மாதிரி கூர்மையாயிருச்சு, ரெண்டு பல்லு இல்லவே இல்ல.

ஏன் இப்படித் தேஞ்சுதுன்னா அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு டயர். பின்னாடி 8.3-20 சைஸ் சரியா இருக்குது, முன்னாடி 7-12 இருக்க வேண்டிய எடத்துல 6-12. பாக்கறக்குப் புது டயரு, கட்டை (டயர் மேல இருக்கற மேடு) நல்லா இருக்குது, போட்டோல அழகா தெரியும். 4 வீல் டிரைவ்ல முன் சக்கரம் பின் சக்கரத்த விட லேசா முந்தி உருளற மாதிரி கம்பெனில கணக்குப் பண்ணித்தான் கியர் வெச்சிருப்பாங்க. முன் டயர் சின்னதா போச்சுன்னா அது பின் டயரோட வேகத்துக்கு வராம பிரேக் மாதிரி பிடிக்கும், அந்த இழுபறி பூராவும் முன் ஆக்ஸில் கியர்லயும் ஷாப்ட்லயும்தான் எறங்கும். சேத்துல டயர் வழுக்கி விட்டுக் குடுக்கும், தார் ரோட்டுல விட்டுக் குடுக்காது, 4 வீல் போட்டபடியே ரோட்டுல ஓட்டுனா எந்த வண்டியும் தாங்காது. அதனால டயர்ல கட்டை எவ்வளவு இருக்குதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி நம்பரப் படிங்க, அந்த மாடலுக்கு என்ன சைஸ்னு போன்லயே தெரிஞ்சுரும்.

ரெண்டாவது காரணம் நம்ம பாலக்காடு ஜில்லா சித்தூர்ல சீல் வாங்கப் போனப்பத்தான் தெரிஞ்சுது. பழைய சீலயும் ஹப்புல இருந்து வழிச்ச சேத்தையும் பாத்துட்டு கடைச் சேட்டன் சிரிச்சார், "இது பாடத்து ஓடிய வண்டியாணு, தோப்பிலல்ல"ன்னார். அதாவது தோப்புல இல்ல, நெல்லு வயல்ல சேத்துழவு ஓட்டுன வண்டி. நெம்மாறா, ஆலத்தூர் பக்கம் வயல்ல கேஜ் வீல் (சேத்துல ஓட்டற இரும்புச் சக்கரம்) மாட்டி முன் ஆக்ஸில் முழுகற அளவு சேத்துல ஓட்டி, சீல் போயி, இனி லாயக்கில்லைன்னு ஆனதும் பழைய வண்டி விக்கற யார்டுக்கு வந்து, நம்ம காட்டுப் பக்கம் "தோப்பு வண்டி"யா விக்குது. அவர் சொன்னத அப்ப பாதிதான் நம்பினேன். கிளட்ச் பாக்கறக்கு செயின் பிளாக் கட்டி வண்டிய நடுவுல பிரிச்சா, கிளட்ச் ஹவுசிங்குள்ள வைக்கத் தும்பு, காஞ்ச சேறு, நத்தை ஓடு. எங்க தோப்புல ஏதுங்க வயல் நத்தை?

அந்த ஹவுசிங்குக்கு அடில ஒரு சின்ன ஓட்டை இருக்கும்ங்க, உள்ள ஆயில் கசிஞ்சா வெளிய சொட்டிக் காட்டறதுக்கு. சேத்துழவுக்குப் போறப்ப அத பிளக் போட்டு அடைப்பாங்க, முடிஞ்சதும் கழட்டணும். எங்க வண்டில எம்-சீல் பசை வெச்சு அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. எந்த டிராக்டர் பாக்கப் போனாலும் கீழ படுத்து மொதல்ல அந்த ஓட்டையப் பாருங்க, அடைச்சிருந்தா ஏன்னு கேளுங்க. அங்க படுக்கறதுக்கு யார்டுக்காரன் மூஞ்சி மாறுச்சுன்னாவே பாதி பதில் கெடச்சுரும்.

பின்னாடி மாட்டற கருவியத் தூக்கற ஹைட்ராலிக் லிப்ட் பத்தி சுருக்கமா. வெறும் லிப்ட்ட தூக்கி எறக்கிக் காட்டுனாங்க, எந்தச் செத்த லிப்ட்டும் வெறுங்கைய தூக்கும். ரொட்டவேட்டர மாட்டித் தூக்கி இன்ஜின ஆப் பண்ணச் சொல்லுங்க, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள தரைக்கு வந்துச்சுன்னா உள்ள ஓ-ரிங் இல்லைன்னா வால்வு போச்சுன்னு அர்த்தம். இந்த மாதிரி வண்டிகள்ல பெரும்பாலும் கியர் பாக்ஸுக்கும் லிப்ட்டுக்கும் ஒரே ஆயில், இருபது லிட்டருக்குப் பக்கம் பிடிக்கும், எங்களுதுல எறக்குனது பால் டீ கலர், தண்ணி கலந்திருக்குதுன்னு அர்த்தம்.

இன்ஜின் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டற மீட்டர் 900 மணி நேரம் கூட காட்டல. கிளட்ச் பெடல் ரப்பர், சீட்டு, ஸ்டீரிங் கவர் எல்லாம் புதுசு. ஆனா கருவிய மாட்டற டாப் லிங்க் பின் ஓட்டை முட்டை மாதிரி நீண்டு கெடந்துச்சு, கருவியச் சுத்த வெக்கற பிடிஓ ஷாப்ட்ல வரி தேஞ்சு மொண்ணையாயிருச்சு, அதெல்லாம் 900 மணி நேரத்துல நடக்கற காரியமே இல்ல. மீட்டர மாத்தறது சுலுவு, பின் ஓட்டைய மாத்தறதுக்குக் காசு செலவாகும், அதனால யாரும் மாத்த மாட்டாங்க.

போன் பண்ணுனேன். மொத ரெண்டு வாட்டி "வாங்க தம்பி, நம்ம மெக்கானிக்க அனுப்பறேன்"னாங்க, ஒருத்தனும் வர்ல. நேர்ல போனா "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும், பில்லப் பாருங்க"ன்னாங்க. பில்லுல கீழ சின்னதா "இருக்கும் நிலையில்"னு எழுதியிருக்குது. ஆனா பேரம் பேசறப்ப "இன்ஜின், கியர், லிப்ட்டு மூணும் புல் வொர்க், கேரண்டி"ன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டிருந்தாங்க, அது எங்ககிட்ட பத்திரமா இருக்குது. நீங்களும் எதையும் நேர்ல மட்டும் பேசாதீங்க, வாட்ஸ்அப்ல கேட்டு வாய்ஸ்லயாச்சும் பதில் வாங்கி வெச்சுக்கங்க.

ஆர்சி கதை இன்னொரு கூத்து. வண்டி டிஎன் ரிஜிஸ்ட்ரேஷன், பேரு எவனோ மூணாவது ஆளு பேர்ல, லோன் முடிஞ்சாலும் ஹைப்பாத்திகேஷன் (வண்டி பாங்க் அடமானத்துல இருக்குதுங்கற பதிவு) நீக்கவே இல்ல. பாங்க் குடுக்கற என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) பாரம் (படிவம்) 35ம் இல்லாம அது நீங்காது, ஓனர் கையெழுத்துப் போட்ட பாரம் 29, 30 இல்லாம பேரு மாறாது, அதுக்கு மேல நாம கேரளாப் பக்கம் இருக்கறதால பழைய ஆர்டிஓகிட்ட பாரம் 28ல என்ஓசி வாங்கணும். "அதெல்லாம் யாரு பாக்கறா, பார்டர் தாண்டி ஓட்டுங்க"ன்னாங்க. வேற ஸ்டேட் வண்டிய 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா இங்க மறுபடி ரிஜிஸ்டர் பண்ணணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்குது. இத்தன பாரமும் கைக்கு வர்றவரைக்கும் முழுப் பணம் குடுக்காதீங்க.

இன்னொண்ணு நெறயப் பேருக்குத் தெரியல. யார்டு தமிழ்நாட்டுல, நாம பாலக்காடு ஜில்லா, அங்க போயி எங்க கேஸ் நடத்தறதுன்னு விட்டுர்றாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற ஜில்லா கமிஷன்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் குடுத்து வாங்குனதுக்கு பீஸ் கெடையாது, பிரச்சின வந்ததுல இருந்து 2 வருசத்துக்குள்ள போட்டரணும். வக்கீல் கட்டாயம் இல்ல, நாங்க தெரிஞ்சவர்னு வெச்சுக்கிட்டோம். என்ன பண்றதுன்னே தெரியலைன்னா 1915ங்கற கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பருக்கு போன் பண்ணுனா வழி சொல்லுவாங்க. நாங்க பிரிச்ச ஒவ்வொண்ணையும் கழட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வீடியோ எடுத்தோம், கிரீஸ் ரொப்புன ஆக்ஸில், எம்-சீல், வெட்டுன ஒயர் எல்லாம். வக்கீல் அதப் பாத்துட்டுத்தான் கேஸ் நிக்கும்னார்.

எங்க மாமா ஒருத்தர் கேட்டார், பெயிண்ட் அடிச்சது ஒரு குத்தமான்னு. குத்தம் இல்லீங்க மாமா, ஆனா நெசமா ஓடற வண்டி வெச்சிருக்கற விவசாயி விக்கறதுக்காக பெயிண்ட் அடிக்க மாட்டான், அப்படியே சேறும் கிரீஸுமா நிறுத்தி வெல சொல்லுவான். அந்த வண்டில எங்க ஒழுகுதுன்னு கண்ணால பாத்து அதுக்குத் தகுந்தாப்ல வெல கொறைச்சுக் கேக்கலாம். பெயிண்ட் அடிச்ச வண்டில எதக் கொறைச்சுக் கேக்கறது? இனிமே நான் வாங்குனா அழுக்கு வண்டிதான் வாங்குவேன்.

ரிப்பேருக்கே வண்டி வெலையில பாதிக்கு மேல போயிருச்சு, மச்சானுக்குக் கூலி குடுத்திருந்தா இன்னும் எச்சாயிருக்கும். இன்ஜின் இப்ப பச்சையா நின்னாலும் ஒரே அடில பிடிக்குது, லிப்ட்டு நிக்குது, ரொட்டவேட்டர் ஓடுது. முன் ஆக்ஸில் எடது பக்க பெவல் கியர் ஜோடி மட்டும் கெடைக்காம 2 வீல் டிரைவ்லயே ஓட்டிட்டு இருக்கோம், கம்பெனில ஆர்டர் போட்டா முழு செட்டாத்தான் தருவாங்களாம். பழைய வண்டி உடைக்கற எடத்துல யாராச்சும் பாத்தீங்கன்னா சொல்லுங்க. போட்டோ மட்டும் அனுப்பாம ரெண்டு கியர்லயும் பல்லு எண்ணிச் சொல்லுங்க, ஜோடில ஒரு பல்லு மாறுனாலும் வலது பக்கத்தோட ஒத்துப் போகாது.