மாஸ்டர் டிராக்கில் கம்ப்ரசரா, லிமிட்டரா, வெறுமையா?

மிக்ஸ் செய்யும்போது, எல்லா டிராக்குகளும் ஒன்றாகக் கலந்து வெளியேறும் மாஸ்டர் டிராக்கில் எதைப் போடுவது? மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. தொடக்கத்திலேயே கம்ப்ரசர் போட்டு அதற்குள் மிக்ஸ் செய்வது, தொடக்கத்திலேயே லிமிட்டர் போட்டுவிடுவது, கடைசி வரை எதுவும் போடாமல் விடுவது. மூன்று வழியிலும் நல்ல மிக்ஸ் வரும். ஆனால் இரண்டாவது வழியில் தவறு நடந்தால் அது காதுக்குத் தெரியாமலே நடக்கிறது. அதனால்தான் கம்ப்ரசரைச் சீக்கிரம் போடுங்கள், லிமிட்டரைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்கிறோம்.

இரண்டும் ஒரே குடும்பம்தான். த்ரெஷோல்டை, அதாவது நாம் வைக்கும் வரம்பை, தாண்டும் ஒலியைக் குறைப்பதே இரண்டின் வேலையும். எந்த விகிதத்தில் குறைக்கிறது என்பதே ரேஷியோ. அது 2:1 என்றால், 6 டெசிபல் தாண்டி வந்த ஒலி 3 டெசிபல் மட்டுமே தாண்டி வெளியேறும். 4:1 என்றால் 8 டெசிபல் 2 ஆகிவிடும். 10:1-க்கு மேல் போனால் லிமிட்டர் என்று சொல்வது வழக்கம். முடிந்த மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்கும் மாஸ்டரிங்குக்கான டிஜிட்டல் லிமிட்டர்களில் ரேஷியோ நடைமுறையில் முடிவிலி. சீலிங் என்னும் உச்ச வரம்பை எதுவும் தாண்டாது.

பெரிய வித்தியாசம் ரேஷியோவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மாஸ்டர் கம்ப்ரசரில் அட்டாக்கை, அதாவது அமுக்கத் தொடங்க அது எடுக்கும் நேரத்தை, வேண்டுமென்றே மெதுவாக வைக்கிறோம். ஸ்னேர் டிரம்மின் முதல் அடி தப்பிப் போகும். அதன் பின்னால் வரும் உடலைத்தான் கம்ப்ரசர் பிடிக்கும். லிமிட்டரோ லுக்-அஹெட் மூலம் சில மில்லிசெகண்ட் முன்கூட்டியே பார்த்து, அந்த முதல் அடியையே மழுக்குகிறது. ஒன்று பாட்டின் அசைவை மாற்றுகிறது, மற்றது உச்சிகளை வெட்டுகிறது. ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுக்கும்போதுதான் மிக்ஸ் கெடுகிறது.

கம்ப்ரசர் போட்டு மிக்ஸ் செய்தால்

மாஸ்டர் கம்ப்ரசர் என்றதும் நினைவுக்கு வருவது எஸ்எஸ்எல் நிறுவனத்தின் மிக்ஸிங் கன்சோலில் உள்ள பஸ் கம்ப்ரசர். அதில் ரேஷியோ 2, 4, 10 என மூன்று நிலைகள்தான். அட்டாக் 0.1 முதல் 30 மில்லிசெகண்ட் வரை. அமுக்கியதை விடுவிக்க எடுக்கும் நேரமான ரிலீஸ் 0.1 முதல் 1.2 செகண்ட் வரை, கூடவே ஆட்டோ. இதன் மாதிரியில் வந்த பிளக்-இன்கள் ஏராளம். எதை எடுத்தாலும் தொடக்கப்புள்ளி இதுதான்: ரேஷியோ 2:1, அட்டாக் 30, ரிலீஸ் ஆட்டோ. பாட்டின் மிகச் சத்தமான பகுதியை, பெரும்பாலும் பல்லவியை, ஓடவிட்டு, கெயின் ரிடக்ஷன் (குறைக்கும் அளவு) 1 முதல் 2 டெசிபல் காட்டும் வரை த்ரெஷோல்டை இறக்குங்கள். சரணத்தில் மீட்டரின் முள் கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும்.

டிரம்ஸ், பேஸ், குரல் மூன்றின் அடிப்படை லெவல் அமைந்த பிறகு, நுணுக்கமான ஈக்யூ (அதிர்வெண் திருத்த) வேலைக்கு முன்பு போடுவதே சரியான தருணம். முடிந்த மிக்ஸின் மேல் கம்ப்ரசரைப் போட்டால் பேலன்ஸ் நகர்ந்துவிடும். கிக் விழும்போதெல்லாம் குரல் அமுங்கும், ரிவெர்பின் வால் மேலே ஏறி வரும். பிறகு பாதி மிக்ஸைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் கோளாறுகள் நான்கு. முதலாவது பம்பிங், அதாவது முழுப் பாட்டும் ஏறி இறங்குவதுபோல் கேட்பது. பேஸிலும் கிக்கிலும் உள்ள கீழ் அதிர்வெண் ஆற்றல்தான் கம்ப்ரசரைத் தூண்டி முழுப் பாட்டையும் கீழே இழுக்கிறது. கம்ப்ரசரைத் தூண்டும் சிக்னலான சைடுசெயினில், கீழ் அதிர்வெண்களை வடிக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 60 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். இரண்டாவது, அட்டாக்கை 1 மில்லிசெகண்டுக்குக் கீழே கொண்டுபோனால் டிரம்ஸ் பின்னால் போய்விடும். மூன்றாவதுதான் ஏமாற்றுவது: வேலை நடக்க நடக்க ஃபேடர்கள் மெல்ல ஏறும். காலையில் 2 டெசிபல் இருந்த ரிடக்ஷன் மாலையில் 5-ஐத் தொட்டிருக்கும். மணிக்கொரு முறையாவது முள்ளைப் பாருங்கள். நான்காவது, பல்லவி சுருங்குவது. சரணத்திலிருந்து பல்லவிக்குத் தாவும் இடத்தில் பாட்டு விரிய வேண்டும். கம்ப்ரசர் அங்கேதான் அதிகம் அமுக்குகிறது. கம்ப்ரசருக்குப் பிறகு அரை டெசிபல், ஒரு டெசிபல் ஏற்றி ஆட்டோமேஷன் எழுதினால் அந்த விரிவு திரும்பி வரும்.

லிமிட்டர் போட்டு மிக்ஸ் செய்தால்

கிக் போதவில்லை என்று 2 டெசிபல் ஏற்றுகிறீர்கள். லிமிட்டர் அதைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது. இன்னும் ஏற்றுகிறீர்கள்; இப்போது கிக்கோடு சேர்த்துக் குரலும் கிடாரும் அமுங்குகின்றன. ஃபேடருக்கும் காதுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்துபோகிறது. கடைசியில் லிமிட்டரை எடுத்துப் பார்த்தால் கிக் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதுபோல் கேட்கும் என்பது இன்னொரு சிக்கல். லிமிட்டர் 4 டெசிபல் ஏற்றித் தந்ததைப் பஞ்ச் என்று நினைத்துவிடுகிறோம். அதன் அவுட்புட்டை அதே 4 டெசிபல் இறக்கிவிட்டு, பைபாஸோடு (லிமிட்டர் அணைத்த நிலையோடு) ஒப்பிட்டுக் கேளுங்கள். ஸ்னேரின் விளிம்பு எங்கே போனது என்று உடனே தெரியும்.

ரிலீஸ் மிகக் குறைவாக இருந்தால் பேஸ் கரகரக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால் ஒரே சுற்றுக்குள் கெயின் ஏறி இறங்கி அலையின் வடிவத்தையே மாற்றிவிடும். அதுதான் அந்தக் கரகரப்பு. தவிர, லுக்-அஹெட்டால் தாமதம் வருவதால் ரெக்கார்டிங் நடக்கும்போது மாஸ்டரில் லிமிட்டர் இருந்தால் பாடுபவரின் ஹெட்ஃபோனிலும் தாமதம் கேட்கும்.

கிளிப் ஆகாமல், அதாவது 0 டெசிபலைத் தாண்டி ஒலி உடையாமல், காப்பாற்றத்தான் போடுகிறோம் என்பவர்கள் உண்டு. இன்றைய மென்பொருள்கள் உள்ளே, 0-ஐத் தாண்டிய அளவையும் தாங்கும் 32 பிட் ஃப்ளோட்டில் அல்லது அதற்கு மேல் கணக்கிடுகின்றன. மாஸ்டர் மீட்டர் +3 காட்டினாலும் உள்ளே எதுவும் உடையாது. 24 பிட் ஃபைலாக எடுக்கும்போதும் ஸ்பீக்கருக்குப் போகும்போதும்தான் உடையும். லெவலை இறக்கினாலே போதும். கம்ப்ரசர் ஏற்கெனவே அமைத்திருந்தால் அதற்குப் பின்னால் இறக்குங்கள். முன்னால் இறக்கினால் த்ரெஷோல்டைத் தாண்டும் அளவும் மாறிவிடும்.

லிமிட்டருக்கு மிக்ஸில் நியாயமான இடம் சோதனை. 2, 3 டெசிபல் குறைக்கும்படி போட்டு, சில நிமிடம் கேட்டு, எது முதலில் உடைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லிமிட்டரை அணைத்துவிட்டு அந்த டிராக்கையே சரிசெய்யுங்கள்.

எதுவும் போடாமல் விட்டால்

கற்றுக்கொள்பவர்களுக்கும், ஏற்ற இறக்கம் உயிராக இருக்கும் இசைக்கும் இதுவே சிறந்தது. பீக் -6 டெசிபல் அருகே இருக்கட்டும். 24 பிட்டில் அதனால் இழப்பு ஒன்றுமில்லை. குறை ஒன்றுதான்: ராக், நடன இசை போன்றவற்றில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றாக அசையும் உணர்வை ஃபேடர்களால் மட்டும் கொண்டுவருவது கடினம்.

சத்தப் போட்டி எங்கே முடிகிறது

ஸ்பாட்டிஃபையின் இயல்பான அமைப்பு பாடல்களை -14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது. லிமிட்டரை அழுத்தி -8 வரை கொண்டுபோன பாட்டை அது 6 டெசிபல் இறக்கிவிடும். -1-இல் இருந்த உச்சிகள் -7-க்குப் போகும். அதே -14-இல் முடித்த, அடிகள் உயிரோடு இருக்கும் பாட்டு பக்கத்தில் ஒலித்தால் அதுதான் பெரிதாகக் கேட்கும். அதற்காக எல்லாரும் -14-ஐக் குறிவைக்க வேண்டியதில்லை. இசை தாங்கும் இடத்தில் நிறுத்துங்கள். சீலிங்கை மட்டும் ட்ரூ பீக் -1 டெசிபலில் வையுங்கள். சாம்பிள்களுக்கு இடையே எழும் உச்சிகளும், எம்பி3 போன்ற சுருக்கத்தில் கூடும் உச்சிகளும் 0-ஐத் தாண்டக்கூடும்.

மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது லிமிட்டரை எடுத்துவிடுங்கள். கம்ப்ரசருக்குள் மிக்ஸ் செய்திருந்தால் அதை எடுக்காதீர்கள், எடுத்தால் பேலன்ஸே மாறும். கேட்டுப் பழகிய சத்தம் இதுதான் என்று காட்ட, லிமிட்டர் போட்ட பிரதியையும் தனி ஃபைலாகச் சேருங்கள்.

மாஸ்டரிங் செய்பவர் ஸ்டெம்களாக, அதாவது டிரம்ஸ், குரல் எனத் தனித்தனி ஃபைல்களாக, அனுப்பச் சொன்னால் இன்னும் கவனம் தேவை. டிரம்ஸை மட்டும் தனியாக ஓட்டும்போது மாஸ்டர் கம்ப்ரசருக்குக் குரலும் பேஸும் வராது. அது குறைக்கும் அளவு மாறும், ஸ்டெம்களைக் கூட்டினால் பழைய மிக்ஸ் கிடைக்காது. முழு மிக்ஸின் பிரதியைக் கம்ப்ரசரின் வெளி சைடுசெயினுக்குக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு ஸ்டெம்மாக எடுத்தால் கூட்டுத்தொகை மிக்ஸோடு மிக நெருங்கி நிற்கும்.