சாஃப்ட்பாக்ஸா, டிரேசிங் பேப்பரா?

கண்ணாடி பாட்டில், பித்தளைச் செம்பு மாதிரி பளபளக்கும் பொருளைப் படமெடுக்க, ஒளியை மென்மையாக்க எது வாங்கலாம் என்று பலரும் குழம்புகிறார்கள்: விளக்கில் மாட்டும், முன்பக்கம் வெள்ளைத் துணி போட்ட பெட்டியான சாஃப்ட்பாக்ஸா, விளக்குக்கு முன்னால் நிறுத்தும், ஒளி ஊடுருவும் டிரேசிங் பேப்பரா?

செலவு: பேப்பர் சொற்ப விலை. சாஃப்ட்பாக்ஸ் ஆயிரக்கணக்கில் போகும்.

உழைப்பு: சாஃப்ட்பாக்ஸ் வருடக்கணக்கில் வரும். பேப்பர் கசங்கினால் அந்த மடிப்பு பாட்டிலில் அப்படியே தெரியும்.

வசதி: சாஃப்ட்பாக்ஸை விளக்கில் மாட்டினால் சரி. பேப்பருக்குச் சட்டம் வேண்டும். ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

ஒளி: முக்கியமே இதுதான். சாஃப்ட்பாக்ஸ் பாட்டிலில் ஓரம் வெட்டினாற்போல் வெள்ளைக் கட்டமாக விழும். பேப்பருக்குப் பின்னால் விளக்கை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நடுவில் வெளுத்து, ஓரத்தில் மெல்லக் கரையும் பிரதிபலிப்பு கிடைக்கும்.

பழம், ரொட்டி, துணிக்கு சாஃப்ட்பாக்ஸே போதும். கண்ணாடி, உலோகம் என்றால் யோசிக்காமல் பேப்பர்.